ஏஜென்ட்டம்மாவின் புதுமுகத் தேர்தல்

"பாகம் நூத்திப் பதினெட்டு, வரிசை இருநூத்தி நாலு. எப்படிடா இருக்க?"

திண்டிவனம் போகிற காலை பஸ்ஸில் ஏறியதும் அமலோற்பவமேரி நலம் விசாரிப்பது இப்படித்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நெளிந்தான். கல்யாணம் கட்டி, செங்கல்பட்டுப் பக்கம் குடிபோய் நாலு வருஷம் ஆகிறது. கோயில் திருவிழாவுக்கு வந்தவன். "நல்லா இருக்கேங்க" என்றான். அதோடு விட்டாரா என்றால் இல்லை. "அங்க பேரைச் சேர்த்துட்டியா? சேர்த்துட்டா இங்க எடுத்துடு. ரெண்டு எடத்துல உக்காந்துக்கினு இருக்காத. ஒரு ஆளுக்கு இன்னாத்துக்கு ரெண்டு ஓட்டு?" பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், அடுத்து நம் நம்பரைச் சொல்லிவிடப் போகிறாரே என்று சன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

கூட்டேரிப்பட்டுக் காலனியிலும் அதைச் சுற்றிய தெருக்களிலுமாக ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஓட்டு. அத்தனை பேரும் அவர் மண்டைக்குள் வரிசையில் நிற்கிறார்கள். பெயர் சில சமயம் மறந்துபோகும். பட்டியல் நம்பர் மறக்காது. தம்பி மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தபோது உறையின் மேல் பெயர் எழுதாமல் வரிசை எண்ணை எழுதினார். ஒரு பத்திரிகைகூட வீடு மாறிப் போகவில்லை.

பிழைப்பு திண்டிவனம் கமிட்டியில். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகள் ஏலம் போகிற விற்பனைக் கூடத்துக்கு இந்தப் பக்கம் கமிட்டி என்றுதான் பேர். எடை போட்ட மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைத்து மூடுவது அமலோற்பவத்தின் வேலை. மூட்டைக்குப் பதினோரு குத்து. பத்துப் போட்டால் லாரியில் பிதுங்கும், பன்னிரண்டு போட்டால் சணல் தண்டம் என்பார். தைக்கும்போது விவசாயிகளிடம் வாய் ஓயாமல் பேசுவார். மழையைப் பற்றியும் விலையைப் பற்றியும் அல்ல. "உங்க ஊர்ல செத்தவங்க பேரையெல்லாம் எடுத்துட்டாங்களா?" என்று கேட்பார். வயது ஐம்பதைத் தொடப் போகிறது. கேட்டால் பிறந்த வருஷத்தைச் சொல்ல மாட்டார். "எம்பத்து நாலுல மொத ஓட்டு போடப் போனேன், நீயே பார்த்துக்க" என்பார்.

தேர்தல் வந்தால் கமிட்டிக்கு லீவு. தொண்ணூற்றாறிலிருந்து அவர் பூத் ஏஜென்ட். வாக்குச்சாவடிக்குள் கட்சி சார்பாக உட்கார்ந்து, வருகிற ஆள் பட்டியலில் உள்ள ஆள்தானா என்று பார்க்கிற வேலை. கட்சியின் பெயர் இங்கே தேவையில்லை. அந்தக் கட்சி மூன்று தடவை கூட்டணி மாறியது, இவர் பெஞ்சு மாறவில்லை. மற்ற ஏஜென்ட்டுகள் பதினோரு மணி ஆனால் பிரியாணிப் பொட்டலம் எப்போது வரும் என்று வாசலைப் பார்ப்பார்கள். இவர் விடிகாலையில் ஒரு சொம்பு கேப்பைக் கூழ் குடித்தால், பெட்டிக்குச் சீல் வைக்கிற வரை தண்ணீர் தொட மாட்டார். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும். "நான் போய்ட்டு வர்ற அஞ்சு நிமிஷத்துல நாலு பொணம் எழுந்து வந்து ஓட்டு போட்டுட்டுப் போயிடும்" என்பார்.

எதிர் பெஞ்சில் விருத்தாசலம். நெல் அறுக்கும் மிஷினுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிற புரோக்கர், எதிர்க்கட்சி ஏஜென்ட். தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்து முறைத்துக்கொள்வார்கள். ஒரு தடவை விருத்தாசலத்தின் மச்சினனே உள்ளே வந்தான். அமலோற்பவம் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் திறந்து, ஆட்சேபணைக்குக் கட்ட வேண்டிய இரண்டு ரூபாயை எடுத்து அதிகாரியின் மேஜையில் வைத்தார். "இவரு அவரு இல்லீங்க. அவரோட தம்பி" என்றார். விசாரித்தால் வாஸ்தவம். அண்ணன் திருப்பூரில் இருந்தான்.

அன்று சாயங்காலம் விருத்தாசலம் நேராக இவர் வாசலுக்கு வந்தார். சண்டைக்கு இல்லை.

"ஏம்மா மேரி, ரெண்டு பேரும் ஒரே அச்சு. கட்டிக்கிட்டவளே குழம்பிப்போவா. உனக்கு எப்படித் தெரிஞ்சிச்சி?"

"அண்ணங்காரனுக்குக் காது மடல் ஒட்டியிருக்கும். தம்பிக்குத் தொங்கும்."

விருத்தாசலம் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார்.

இப்பேர்ப்பட்ட ஆளிடம் போய், தொலைக்காட்சி விருதுக்கு ஓட்டுச் சேர்த்துக் கொடு என்று கேட்டால் என்ன நடக்கும்? கேட்டார்கள். 2009-ஆம் வருஷம். பார்லிமென்ட் தேர்தல் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

கூட்டுரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சவுரிராயனின் மகள் ஜெசி. மயிலத்தில் காலேஜ் படித்தவள். யாரையோ பிடித்து, எங்கேயோ நின்று, கடைசியில் ஒரு சின்னச் சேனலின் சாயங்கால சீரியலில் கதாநாயகியின் தங்கச்சியாகிவிட்டாள். தினம் ஒரு தடவை அழ வேண்டும், வாரம் ஒரு தடவை மயக்கம் போட வேண்டும். இரண்டையும் நன்றாகவே செய்தாள். அந்தச் சேனல் 'மக்கள் மெச்சிய புதுமுகம்' என்று ஒரு விருது அறிவித்தது. களத்தில் மூன்று பேர். யாருக்கு விருது என்பதை மக்களே எஸ்.எம்.எஸ். அனுப்பித் தீர்மானிப்பார்கள். ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு மூன்று ரூபாய். பத்து நாள் கெடு, கடைசி நாள் ராத்திரி எட்டு மணி வரை. ஜெசியின் எண் இரண்டு.

சவுரிராயன் கிரீஸ் கையோடு அமலோற்பவத்தின் வீட்டுக்கு ஓடி வந்தார். "அக்கா, நம்ம பொண்ணுக்கு நீதான் ஏஜென்ட்டு" என்றார். பேச்சுக்குச் சொன்னார் மனுஷன். அமலோற்பவம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து மே மாதத்து வாக்காளர் பட்டியலை வெளியே எடுத்தார்.

ஜெனித் என்பவரின் ரீசார்ஜ் கடைதான் பூத். ஜெனித் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஜெசியின் சீரியலை ஒரு நாள் தவறவிடாதவர். விஷயத்தை அவர்தான் விளக்கினார்.

"அக்கா, ஒரு போன்லேர்ந்து எத்தினி வேணா அனுப்பலாம். லிமிட்டே கெடையாது."

"லிமிட் இல்லைன்னா?"

"இப்ப இந்த ஒரு போன்லேர்ந்தே நான் நூறு ஓட்டு போடுவேன்."

"நூறு பேரு எங்க?"

"பேரு எதுக்குக்கா? போன்தான் முக்கியம்."

"போனுக்கா ஓட்டு? அதுக்கு பதினெட்டு வயசு ஆயிடுச்சா?"

அமலோற்பவம் பெஞ்சைத் துடைத்து உட்கார்ந்தார். "ஆளுக்கு ஒண்ணு. போன் இல்லாதவங்க இங்க வந்து உன் போன்ல போடட்டும். ஒரே ஆளு ரெண்டாவது போட்டா அது கள்ள ஓட்டு. நம்ம பூத்துல அது நடக்காது."

"மெட்ராஸ்ல அந்த மூணாம் நம்பர் பையனுக்குக் காலேஜ் புள்ளைங்க ஆளுக்கு ஐந்நூறு அடிக்கிறாங்கக்கா."

"அது அந்த பூத்து ஏஜென்ட்டோட யோக்கியதை."

அடுத்த சிக்கல் அன்று மத்தியானமே வந்தது. எதிரே பெஞ்சு காலியாக இருந்தது. எதிர் ஏஜென்ட் இல்லாத பூத் அவர் கணக்கில் பூத்தே இல்லை. ஆள் அனுப்பி விருத்தாசலத்தை வரவழைத்தார்.

"உன் கேண்டிடேட் மூணாம் நம்பர்" என்றார்.

"எவன் அவன்?"

"டான்ஸ் புரோக்ராமுல பேசுற பையன். முடியை நட்டுக்கினு நிக்கவிட்டிருப்பான்."

"அவனுக்கும் எனக்கும் இன்னாம்மா சம்பந்தம்? நானே அந்தப் பொண்ணுக்குத்தான் போடலாம்னு இருந்தேன்."

"உன் ஓட்டை யாருக்கு வேணா போடு, அது ரகசியம். ஏஜென்ட் வேலையை ஒழுங்காப் பாரு."

விருத்தாசலம் அலுத்துக்கொண்டார். பேஜாரான கேஸ் என்றார். ஆனால் அறுவடை இல்லாத மாதம், டீ இலவசம். உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாளுக்குள் வேலை பிடித்துப்போய், முடியை நட்ட பையனுக்காகத் தன் வீட்டில் ஆறு ஓட்டுத் திரட்டிக்கொண்டு வந்தார்.

அந்தப் பத்து நாளும் ரீசார்ஜ் கடை வாக்குச்சாவடியாகவே இருந்தது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை ஒரு பக்கம் கிழித்து மறைப்பு வைத்தார்கள். ஆள் பெயரைச் சொல்ல வேண்டும், விருத்தாசலம் முகத்தைப் பார்க்க வேண்டும், பிறகு ஜெனித் போனைக் கொடுப்பார். உள்ளே போய்த் தானே எண்ணை அமுக்கி அனுப்ப வேண்டும். அமுக்கத் தெரியாதவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். ஒரு துணை ஒரு ஆளுக்குத்தான், அடுத்த ஆளுக்கு வேறு துணை. மூன்று ரூபாயை வாக்காளரே தர வேண்டும். சவுரிராயன் எல்லோருக்கும் சேர்த்துத் தானே தருகிறேன் என்று சட்டைப் பையில் கைவிட்டார். "ஓட்டுக்குத் துட்டா?" என்று அமலோற்பவம் பார்த்த பார்வையில் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

பஞ்சர் கடை மேல் ஜெசியின் முகம் போட்ட ஃபிளெக்ஸ் ஒன்று இருந்தது. அமலோற்பவம் ரீசார்ஜ் கடையிலிருந்து காலால் அளந்துகொண்டே போனார். எண்பத்தாறு தப்படி. "நூறு மீட்டருக்குள்ள வேட்பாளர் படம் இருக்கக் கூடாது" என்றார். ஃபிளெக்ஸ் இறங்கியது.

எல்லாவற்றையும்விட மோசம் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். சீரியலுக்கு உண்மையான ரசிகர்கள் அந்தப் பிள்ளைகள்தான். யூனிஃபார்மோடு நாற்பது பேர் மூன்று மூன்று ரூபாயைக் கையில் பொத்திக்கொண்டு வந்து நின்றார்கள். ஒரு சின்னப் பெண் ஜெசி மாதிரியே மயக்கம் போட்டும் காட்டினாள்.

"எந்தக் கிளாஸு?"

"ஏழாவது."

"பதினெட்டு ஆனதும் வா. அக்காவுக்கே போடலாம்."

விருத்தாசலத்துக்கே பொறுக்கவில்லை. "மேரி, எதிர்க்கட்சி சொல்றேன், எனக்கு ஆட்சேபணை இல்லை. போட விடு."

"உனக்கு இல்லை. எனக்கு இருக்குது" என்றார் அமலோற்பவம்.

நாற்பது ஓட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனது.

இவ்வளவு கெடுபிடியிலும் ஓட்டு விழுந்தது. கமிட்டிக்கு மல்லாட்டை கொண்டுவந்த விவசாயிகள் மூட்டை தைக்கிற கையிடமே விஷயத்தைக் கேட்டுத் திரும்பும் வழியில் கூட்டுரோட்டில் இறங்கி, ஓட்டு அட்டையைக் காட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் நாள் முடிவில் எழுநூற்று எண்பது பேர். எல்லோரும் உயிரோடு இருக்கிறவர்கள், எல்லோரும் பதினெட்டு தாண்டியவர்கள். இந்தியாவில் எந்த எஸ்.எம்.எஸ். விருதும் இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்காது.

பத்தாம் நாள் சாயங்காலம் ஜெசியே வந்து இறங்கினாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையைக் கூப்பினாள்.

"கும்பிடக் கூடாது" என்றார் அமலோற்பவம். "வேட்பாளர் உள்ள வரலாம். பேசக் கூடாது, கும்பிடக் கூடாது."

ஜெசி கையை இறக்கினாள். அமலோற்பவத்தைக் கடைக்குப் பின்பக்கம் கூட்டிப் போனாள். அங்கே பேசினாள்.

"அத்தை, கதை எழுதுறவரு ரெண்டு விதமா எழுதி வெச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்காரு. விருது வந்தா எனக்குக் கல்யாணம், ஒரு வருஷம் கதை ஓடும். வரலைன்னா லாரி."

"எந்த லாரி?"

"என்னை அடிச்சிட்டுப் போற லாரி. விக்கிரவாண்டி பைபாஸ்ல ஷூட்டிங். லாரி பேசியாச்சு. டிரைவரைக்கூடப் பார்த்தேன்."

அமலோற்பவம் ரோட்டில் போன லாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"லாரி வந்திச்சின்னா நான் இங்கதான் அத்தை. அப்பா கடையில டியூபைத் தண்ணியில முக்கிக்கினு உக்காந்திருக்க வேண்டியதுதான். எட்டு மணி வரைக்கும் கண்ணை மூடிக்குங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. நான் ஒண்ணும் நாட்டைப் புடிக்கப் போறதில்லையே."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அது அமலோற்பவத்துக்கும் தெரியும். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

எண்பத்து நாலில் என்ன நடந்தது என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. கூடப் போன அண்ணி சொல்லித்தான் காலனிக்குத் தெரியும். அமலோற்பவத்துக்கு அப்போது இருபத்தோரு வயது, அன்றைக்கு ஓட்டு வயதே அதுதான். பட்டியலில் முதல் தடவை பெயர் வந்திருந்தது. காலனியிலிருந்து நாற்பது பேர் குளித்து, நல்ல துணி உடுத்தி, மூன்று கிலோமீட்டர் நடந்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வாசலில் நின்றவன் உள்ளே விடவில்லை. "உங்க தெரு ஓட்டெல்லாம் காலையிலயே விழுந்திடுச்சி. போங்க, போய் வேலையைப் பாருங்க" என்றான். நாற்பது பேரும் மை படாத விரலோடு நடந்து திரும்பினார்கள். மற்றவர்கள் அன்று மத்தியானமே கேழ்வரகுக் கொல்லையில் களை எடுக்கப் போய்விட்டார்கள். அமலோற்பவம் மட்டும் நல்ல துணியை மாற்றாமல் பொழுது சாய்கிற வரை உட்கார்ந்திருந்தாராம்.

மணி ஏழரை. கடைத் தொலைக்காட்சியில் அடிப்பக்கம் எண்கள் ஓடின. முடியை நட்ட பையன் முன்னால். ஜெசி எழுநூற்று நாற்பது பின்னால். வெளியே வரிசையில் அறுபது பேர். ஒவ்வொருவராக விட்டால் எட்டு மணிக்குள் நாற்பது பேர் போடலாம். யார் எண்ணிப் பார்த்தாலும் தோல்விதான்.

ஜெனித் மேஜையில் போன்களை வரிசையாக அடுக்கினார். "எட்டு போன்க்கா. அரை மணி நேரம். போனுக்கு நூறு. எட்டு நூறு எட்நூறு." குரல் கெஞ்சியது. "நீ ஒண்ணும் பண்ண வாணாம். பேசாம இருந்தாப் போதும்."

சவுரிராயன் சுவரோரம் நின்று துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். ஜெசி கையைக் கூப்பிவிடக் கூடாதே என்று பின்னால் கட்டியிருந்தாள்.

அப்போது விருத்தாசலம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "தொண்டை காயுது. ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்" என்றார்.

இதற்கு அர்த்தம் தேர்தல் பார்த்த எல்லோருக்கும் தெரியும். எதிர் ஏஜென்ட் டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்தால், நான் பார்க்கவில்லை, நீ நடத்திக்கொள் என்று பொருள். காசுக்காகப் போகிறவர்கள் உண்டு, பயத்துக்காகப் போகிறவர்கள் உண்டு. அமலோற்பவம் எதிரில் இருக்கும்போது விருத்தாசலம் ஒருமுறைகூடப் போனதில்லை. இன்றைக்குக் காசும் இல்லை, பயமும் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எழுந்தார்.

"சக்கரை இல்லாம போடச் சொல்லணும். வர அரை மணி ஆவும்" என்று அமலோற்பவத்தைப் பார்க்காமலே சேர்த்துச் சொன்னார்.

அமலோற்பவம் கையை நீட்டி அவர் தோள் துண்டைப் பிடித்தார்.

"உக்காருண்ணே."

"மேரி, பொண்ணு மூஞ்சியைப் பாரு."

"பார்த்துக்கினுதான் இருக்கேன். நீ போனா பூத்தை மூடணும். வெளிய அறுபது பேரு நிக்கிறாங்க. அவங்ககிட்ட போய் உங்க ஓட்டு விழுந்திடுச்சின்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வராது. உக்காரு." துண்டை இழுத்தார். விருத்தாசலம் உட்கார்ந்தார். "ஜெனித்து, அண்ணனுக்கு டீ இங்கயே வரச் சொல்லு. அடுத்து யாரு? ஜல்தியா வா. பேரைச் சொல்லு."

பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எட்டு மணி அடித்தபோது இருபத்து மூன்று பேர் மிச்சம். கெடு முடிவதற்குள் வரிசையில் வந்து நின்றவர்களுக்கு ஓட்டு உண்டு என்பது தேர்தல் முறை. காலண்டர் தாளைக் கிழித்து நம்பர் எழுதி, வரிசையின் கடைசியிலிருந்து டோக்கன் கொடுத்துக்கொண்டு வந்தார். இடையில் யாரும் புகுந்துவிடக் கூடாதல்லவா. இருபத்து மூன்று பேரும் போட்டார்கள். இருபத்து மூன்று பேருக்கும் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது, நன்றி என்று பதில் வந்தது. அந்த மூன்று ரூபாய் மட்டும் போனது போனதுதான். ஜெசி அதற்கு முன்பே ரோட்டுக்கு நடந்து, கைகாட்டி நிறுத்தி, சென்னை பஸ்ஸில் ஏறிவிட்டாள். எழுநூற்றுச் சொச்சம் வித்தியாசத்தில் தோற்றாள்.

இரண்டாவது வாரம் லாரி வந்தது. காலனியே உட்கார்ந்து பார்த்தது. நல்ல புது லாரி. ஜெசி பறந்து போய் விழுந்தாள், விழுந்தும் இரண்டு நிமிஷம் பேசினாள், அக்காளை மன்னித்தாள், செத்தாள். மறுநாள் மயிலம் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் மாலையோடு பஞ்சர் கடைக்குத் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். பொண்ணு நல்லா இருக்குதும்மா, மெட்ராஸ்ல தோசை சாப்டுக்கினு இருக்குது என்று சவுரிராயன் போனைப் போட்டுக் கொடுத்த பிறகுதான் நம்பினார்கள். மாலையைத் திருப்பிக் கொண்டுபோகவும் மனசில்லாமல் காற்றடிக்கிற மிஷினுக்குப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு சவுரிராயன் அமலோற்பவத்தோடு பேசுவதில்லை. அமலோற்பவம் பஸ்ஸுக்கு நடக்கும்போது பஞ்சர் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் தாண்டுகிற வரை சவுரிராயன் ஏதாவது ஒரு டயருக்குள் தலையை விட்டுக்கொள்வார். சென்னையில் வேறு வேலை கிடைக்காமல் ஜெசி திரும்பி வந்தாள். டியூப் முக்கவில்லை. விழுப்புரத்தில் ஒரு கேபிள் டிவியில் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கப் போனாள். இன்று பிறந்தநாள் காணும் குட்டிச் செல்லங்கள் என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பாள். அமலோற்பவத்தை பஸ்ஸில் பார்த்தால் அடுத்த பஸ்ஸுக்கு இறங்கிக்கொள்வாள். அவளிடம் மட்டும் அமலோற்பவம் நம்பர் சொல்லி நலம் விசாரித்ததில்லை.

ஒரு நாள் விருத்தாசலத்தை டீக்கடையில் பிடித்துக் கேட்டார்.

"அண்ணே, மறைக்காம சொல்லு. எல்லாம் சரியாத்தான நடந்திச்சி?"

விருத்தாசலம் டீயைக் கீழே வைத்தார். "பூத்து சரியாத்தான் நடந்திச்சி. பொண்ணுதான் செத்துப்போச்சி" என்றார்.

அன்று கமிட்டியில் அமலோற்பவம் தைத்ததில் இரண்டு மூட்டைகள் லாரியில் பிதுங்கின.

2011 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். அதே பள்ளிக்கூடம், அதே பெஞ்சு, எதிரே அதே விருத்தாசலம். பதினோரு மணி வாக்கில் பெண்கள் வரிசையில் ஜெசி உள்ளே வந்தாள். மேஜையில் இருந்த அதிகாரி வேறு ஊரிலிருந்து வந்த இளவட்ட வாத்தியார். ஓட்டு அட்டையை வாங்கியவர் முகத்தைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார்.

"அந்தத் தங்கச்சி நீங்கதானே? லாரி அடிச்சி செத்துட்டீங்களே, மேடம்." பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் ஏறியது. "செத்தவங்களுக்கு இங்க ஓட்டு இல்லீங்களே. இப்ப நான் இன்னா பண்றது?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஜெசி பிறந்தநாள் வாழ்த்துக்குச் சிரிக்கிற சிரிப்பைச் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. அட்டைக்காக நீட்டிய கை அப்படியே நின்றது.

"சார்" என்றார் அமலோற்பவம். "பேரைப் படிங்க."

"சும்மா ஒரு தமாஷும்மா."

"தமாஷை வீட்டுல போய்ப் பண்ணிக்குங்க. ஏஜென்ட்டுங்களுக்குக் கேக்குற மாதிரி பேரைச் சத்தமாப் படிக்கணும். ரூலு."

வாத்தியாரின் முகம் சுருங்கியது. படித்தார். "எழுநூற்றுப் பன்னிரண்டு. ஜெசி. தந்தை பெயர் சவுரிராயன்."

"ஆளு அதேதான். போட விடுங்க."

"எனக்கும் ஆட்சேபணை இல்லை" என்றார் விருத்தாசலம், யாரும் கேட்காமலே.

ஜெசி விரலை நீட்டி மை வைத்துக்கொண்டாள். மறைப்புக்குள் போனாள். மிஷின் கூவியது. வெளியே வந்து, பெஞ்சுப் பக்கம் திரும்பாமல், வாசல் வெயிலில் இறங்கிப் போனாள்.

போட்டுவிட்டுப் போன ஆளின் பெயருக்குக் கீழே பென்சிலால் ஓட்டுக்கு ஒரு கோடு இழுப்பது ஏஜென்ட்டுகளின் வழக்கம். அமலோற்பவம் எழுநூற்றுப் பன்னிரண்டைத் தேடி, ஸ்கேலை வைத்து, கோட்டை இழுத்தார். அடுத்த பெண்ணின் பெயரை வாத்தியார் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். எதிர் பெஞ்சிலிருந்து விருத்தாசலம் பார்த்துக்கொண்டே இருந்தார். அமலோற்பவம் ஸ்கேலை ஒரு மயிரிழை கீழே நகர்த்தி, அதே பெயருக்கு அழுத்தமாக இன்னொரு கோடு போட்டார்.